எல்லார் கையிலும் டேப்லெட், வாரத்துக்கு ஒரு பீரியட்: எதைச் சொல்லிக் கொடுப்பது?

மதுரைப் பக்கம் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் ஜூனிலிருந்து 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை ஆளுக்கொரு டேப்லெட் கொடுக்கப் போகிறார்களாம். வாரம் ஒரு பீரியட் 'டிஜிட்டல் சிட்டிசன்ஷிப்' (இணையத்தில் பொறுப்பாக நடந்துகொள்வது) எடுக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். டேப்லெட் விற்ற கம்பெனியே 40 ஸ்லைடும் ஒரு உறுதிமொழிப் படிவமும் கொடுத்திருக்கிறது. எங்கே தொடங்குவது, பிள்ளைகளின் திரையை எந்நேரமும் கண்காணிக்கலாமா, வருடக் கடைசியில் மதிப்பெண் எப்படிப் போடுவது என்று மூன்று கேள்விகள்.

நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர், கூடவே வகுப்பாசிரியர். இங்கே 2020 மார்ச்சில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது: உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் 2028க்குள் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம். அடுத்த மாதமே பெருந்தொற்று வந்து பள்ளிகளைப் பூட்டி, எல்லாரும் வீட்டிலிருந்து படி என்று ஆனதும், 2028 என்பது 2021 முடிவு என்று மாறிவிட்டது. நிதானமாகச் செய்திருக்க வேண்டிய வேலையை ஓட்டமும் நடையுமாகச் செய்தோம். அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதுதான்.

முதலில் அந்த 40 ஸ்லைடு. தூக்கிப் போடச் சொல்லவில்லை, ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். கடவுச்சொல்லைப் பகிராதே, தெரியாதவரிடம் பேசாதே, இணையத்தில் மரியாதையாக இரு என்று இருக்கும். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் பகிர்வார்கள், பேசுவார்கள். சாலை விதியை எழுதிப் போட்ட பலகையை மனப்பாடம் செய்தவன் வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான் இல்லையா. ஸ்லைடு போட்டு எடுக்கும் பாடம் நீங்கள் நடத்துகிற மற்ற ஐந்து பீரியட்களில் நடப்பதோடு ஒட்டவில்லை என்றால், அந்த ஒரு பீரியட் வெறும் வாய் வார்த்தைதான்.

உறுதிமொழிப் படிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல பாடப்பொருள். எங்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று உண்டு, சாதனப் பயன்பாட்டு ஒப்பந்தம் என்று நாலு பக்க ஆங்கிலம். பிள்ளையும் கையெழுத்துப் போடும், அப்பா அம்மாவும் போடுவார்கள், ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வருடம் என் உயர்நிலை 1 தமிழ் வகுப்பில், 18 பேர், அதையே மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுத்தேன். குழுவுக்கு ஒரு பக்கம், தம்பி தங்கைக்குப் புரிகிற தமிழில் பத்தே வரி. தலைப்பிலேயே மாட்டிக்கொண்டோம். சிட்டிசன்ஷிப்பை ஒரு பெண் 'மின்னிலக்கக் குடியுரிமை' என்று எழுதினாள் (இங்கே வானொலி, செய்தித்தாள் எல்லாவற்றிலும் டிஜிட்டலுக்கு மின்னிலக்கம்தான் சொல், உங்கள் பக்கம் எண்ணிம என்கிறார்கள்). உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், அப்ப எங்க வீட்டுல எல்லாரும் பிஆர். எங்களுக்குக் கிடையாதா?" (பிஆர் என்றால் நிரந்தரவாசி, குடியுரிமை இல்லாதவர்.) வகுப்பே சிரித்தது, ஆனால் கேள்வி சரியான கேள்வி. குடியுரிமை என்றால் பாஸ்போர்ட், ஓட்டு. நாம் பேசுவது அது இல்லை, ஒரு ஊரில் பத்துப் பேரோடு சேர்ந்து வாழ்கிறவன் எப்படி நடந்துகொள்வான் என்பது. குடிமைப் பண்பு என்று மாற்றினோம். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அந்தச் சொல் அவர்களுக்கு மறக்கவே இல்லை.

பிறகு, 'இச்சாதனத்தின் பயன்பாடு எந்நேரமும் கண்காணிக்கப்படலாம்' என்ற வரிக்கு வந்தார்கள். "வீட்டுலயுமா சார்?" என்றான் ஒருவன். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு நாளை சொல்கிறேன் என்றேன். கண்காணிப்புக்குத் தனியாக வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்றால், பகிர்ந்து எழுதும் கோப்பில் தொடங்குங்கள். நாலு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதுவது. ஆளுக்கொரு சாதனம் இருக்கும் வகுப்பில் முதல் வாரமே இது வந்துவிடும், முதல் சண்டையும் இதில்தான் வரும்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தேக்காவில் (இங்குள்ள லிட்டில் இந்தியா பகுதி) கடை வைத்திருக்கும் ஒருவரைப் பேட்டி கண்டு எழுத வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு கோப்பு. திரையில் ஆளுக்கொரு நிறத்தில் கர்சர் ஓடிக்கொண்டிருக்கிறது, வகுப்பு நல்ல அமைதி, நானும் நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறேன். திடீரென்று ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். அவள் எழுதிய பூக்கடைப் பத்தி முழுசாகக் காணோம், அந்த இடத்தில் 'ஹஹஹா' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில் இருவர் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

பழைய நான் என்றால், யார் செய்தது எழுந்திரு என்று ஆரம்பித்திருப்பேன். மாற்றங்களின் வரலாறு என்ற ஒன்று அந்தச் செயலியில் உண்டு, யார் எந்த நிமிடம் எதை அழித்தார்கள் என்பது பெயரோடு வரும், பெரிய திரையில் போட்டால் பத்து விநாடியில் ஆள் மாட்டுவான். செய்யவில்லை. எல்லாக் குழுவையும் எழுதுவதை நிறுத்தச் சொல்லி, அவரவர் கோப்பில் அந்த வரலாற்றைத் திறக்கச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "எல்லாமே இருக்கா சார்? அழிச்சதுமா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். எல்லாம் இருக்கிறது, உன் கோப்பில் மட்டும் இல்லை, நீ அனுப்பி அழித்த பலதும் இப்படித்தான் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும் என்றேன். அந்தப் பெண்ணுக்குப் பத்தியை மீட்டெடுக்கத் தெரிந்துவிட்டது, இரண்டு தட்டு, வந்துவிட்டது.

மணி அடித்த பிறகு அழித்தவன் தானாக வந்தான். அவன் சொன்ன காரணம்தான் எனக்குப் பாடம். அவன் எழுதிய பகுதியில் ஒற்றுப்பிழை நிறைய, அந்தப் பெண் அவனைக் கேட்காமலே உள்ளே போய் எல்லாவற்றையும் திருத்தி, இரண்டு வாக்கியத்தை மாற்றியும் எழுதிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அவனுக்கு அது நாலு பேர் முன்னால் காதைத் திருகிய மாதிரி. அவள் உதவி என்று நினைத்தது அவனுக்கு அவமானம், அவன் விளையாட்டு என்று நினைத்தது அவளுக்கு அழிப்பு.

மறுநாள் ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் செயலியில் அடுத்தவர் எழுத்தை நேராகத் திருத்தவும் செய்யலாம், 'இப்படி மாற்றலாமா' என்று பரிந்துரையாகவும் வைக்கலாம், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். உன் பத்தியில் திருத்து, அடுத்தவர் பத்தியில் பரிந்துரை மட்டும். அந்த விதியை அவர்களே எழுதினார்கள். அது இன்றும் எங்கள் வகுப்பில் நிற்கிறது, ஏனென்றால் அது எதிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மரியாதை என்ற சொல்லை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்தது வகுப்புக் குழு. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும் (இங்கே டெலிகிராமும் உண்டு). டேப்லெட்டில் தடுத்துவிட்டோமே என்பார்கள் நிர்வாகத்தில். அம்மாவின் போனில் இருக்கும். அந்தக் குழுவுக்குள் நீங்கள் நுழையாதீர்கள், நுழைந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு குழு முளைக்கும். ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள்: ஸ்டிக்கர். நண்பன் கண்ணை மூடித் தும்முகிற நேரத்தில் எடுத்த படத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கி, எதற்கெடுத்தாலும் அதையே போடுவது. முதல் நாள் அவனும் சிரிப்பான். நாலாம் நாள் சிரிப்பது போல நடிப்பான்.

என் முகமே ஒரு ஸ்டிக்கராகச் சுற்றுகிறது என்று ஒருநாள் தெரிய வந்தது. குற்றியலுகரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, ஏதோ மயக்க மருந்து கொடுத்த ஆள் போல. கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அதை வைத்தே ஒரு வகுப்பு எடுத்தேன். நானே அதை வாங்கித் திரையில் போட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் கேட்டேன்: இதே படம் என்னுடையதாக இல்லாமல் உங்களில் ஒருவருடையதாக இருந்து, வேறு பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குழுவுக்குப் போனால்? எடுத்தவன் யார், வெட்டியவன் யார், முதலில் அனுப்பியவன் யார், சும்மா சிரித்தவர்கள் யார் என்று பலகையில் ஒரு படம் வரைந்தோம். 'சும்மா பார்த்தவர்கள்' என்ற வட்டத்தில் 20 பேருக்கு மேல் வந்தார்கள். இங்கே கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் நல்ல தோழமைத் தாக்கம் என்று ஒரு கொள்கை இருக்கிறது, அதைப் பல வருடம் வெறும் சொல்லாகத்தான் நடத்தியிருக்கிறேன். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அந்த 20 பேரிடம்தான் பேச வேண்டும், படம் எடுத்த ஒருவனிடம் இல்லை.

இதிலேயே மோசமான ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் இங்கே ஒரு பள்ளியில் மாணவிகளின் முகத்தை வைத்து ஏஐ மூலம் நிர்வாணப் படங்கள் செய்து பகிர்ந்ததாகக் காவல்துறை விசாரித்தது. அதற்குச் சில மாதம் முன்னால் தென்கொரியாவில் இதே விஷயம் நாட்டையே உலுக்கியது. உங்கள் பள்ளியில் வராது என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் சொல்வது, "எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்." தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் படம் உங்கள் போனுக்கு வந்தால், ஒரு சிறுவரின் ஆபாசப் படத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டாம், அனுப்பச் சொல்ல வேண்டாம், யார், எப்போது, எந்தக் குழு என்று தாளில் எழுதிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்றத்துக்கு. இரண்டையும் பிள்ளைகளின் டேப்லெட் உறைக்குள் ஒட்டச் சொல்லுங்கள், அந்த 40 ஸ்லைடை விட உபயோகம்.

சரி, பொய்ச் செய்தி. இதற்குத்தான் ஆசிரியர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், ஆனால் சொல்லிக் கொடுக்க இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், வகுப்பும் கலகலப்பாகப் போகும். நாம் காலங்காலமாகச் சொல்லிக் கொடுத்த முறை தவறு, அதுதான் சிக்கல். ஒரு தளத்தை நன்றாக உற்றுப் பார், எழுத்துப்பிழை இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' பக்கம் இருக்கிறதா என்போம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 45 பேர்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். வரலாற்று அறிஞர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்து, நேர்த்தியான வடிவமைப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை, உடனே புதிய தாவல்கள் திறந்து மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி அந்த வீட்டிலேயே கேட்காமல் தெருமுனைக் கடையில் விசாரிப்போமே, அதே சங்கதி.

நான் எடுக்கும் உதாரணம் உங்களுக்கும் வந்திருக்கும்: திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது நாசா செயற்கைக்கோள் 3 விநாடி நின்றுவிடுகிறது என்ற செய்தி. வருடாவருடம் வரும், எங்கள் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பாட்டி அனுப்பி வரும். ஆளுக்கொரு சாதனம் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும், ஒரே நேரத்தில் 18 பேர் 18 திசையில் தேடுவார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவன், "சார், எல்லாத் தளத்துலயும் ஒரே வாக்கியம், எழுத்துப்பிழைகூட ஒண்ணுதான்" என்றான். இன்னொருத்தி, எந்தச் செயற்கைக்கோள் என்று பெயரே இல்லை என்றாள். இயற்பியலில் கெட்டிக்காரன் ஒருவன் கணக்கே போட்டுவிட்டான்: தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 3 விநாடியில் 22 கிலோமீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும், அந்த வேகம் இருப்பதால்தான் அது கீழே விழாமல் சுற்றுகிறது, நிற்கவே முடியாது. கோயிலுக்குப் போகிறவர்கள் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டா போகிறார்கள், கோயில் பெருமைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாடம் வேறு பக்கம் போய்விடும்.

நான் முதல் வருடம் இதோடு நிறுத்திவிட்டேன். பொய் என்று கண்டுபிடித்தாயிற்று, கை தட்டல், மணி. அன்று இரவு ஒரு பையன் தன் வீட்டுக் குழுவில், 23 பேர் இருக்கும் குழுவில், 'பாட்டி இது பொய், சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்' என்று ஆதாரத்தோடு போட்டுவிட்டான். பாட்டி அதன் பிறகு ஒரு வாரம் குழுவில் எதுவுமே போடவில்லையாம். அவன் அம்மா பெற்றோர் சந்திப்பில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது அந்த வகுப்பின் இரண்டாம் பாதி பாட்டிக்குத்தான். குழுவில் சொல்வதா தனியாகவா, எழுதுவதா கூப்பிட்டுப் பேசுவதா, பாட்டி ஏன் அதை அனுப்பினார். கடைசிக் கேள்விக்கு ஒரு வருடம் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "பாட்டிக்கு எங்ககிட்ட பேசணும் சார், அதுக்குத்தான் அனுப்புறாங்க."

இனிக் கண்காணிப்பு. உங்கள் இரண்டாவது கேள்வி. உங்களுக்குக் கொடுக்கப் போகும் செயலியில் வகுப்பிலுள்ள அத்தனை திரையும் சின்னச் சின்னக் கட்டங்களாக உங்கள் முன்னால் தெரியும். பூட்டலாம், தளத்தைத் தடுக்கலாம், எல்லாருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கலாம். உபயோகமானதுதான், மறுக்கவில்லை. பாட நேரத்தில் யூடியூப் ஷார்ட்ஸ் பார்க்கிற பையனிடம் தத்துவம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் ஒரு நாள் அந்தக் கட்டங்களில் ஒன்றில், கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில் ஒரு பெண் ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போகும் பேருந்துத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "என்னம்மா, ஊர் சுற்றக் கிளம்பிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுத் திரையைப் பூட்டினேன். நகைச்சுவை என்று நினைப்பு. முந்தின நாள் இரவு அவள் தாத்தாவை அங்கே சேர்த்திருந்தார்கள், பள்ளி முடிந்ததும் தனியாகப் போக வேண்டும். பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவளும் பரவாயில்லை சார் என்றாள். ஆனால் அந்த வருடம் முழுக்க அவள் தன் சாதனத்தை என் வகுப்பில் தேவைக்கு மேல் ஒரு விநாடி திறந்ததில்லை. அதிலிருந்து, திரைகளைப் பார்க்கப் போகிறேன் என்றால், "இப்போ பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பார்ப்பது. பார்த்ததை வகுப்பில் பேசுவதில்லை, பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில்தான்.

பெரிய அளவில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம் உயர்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது, திருடு போனால் கண்டுபிடிக்க அதில் ஒரு வசதி, கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கிப் படம் எடுக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் எடுத்தது, மொத்தம் 50,000 படங்களுக்கு மேல். ஒரு மாணவனைக் கூப்பிட்டு அவன் அறையில் மாத்திரை வைத்திருந்ததாக விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது, அது மிட்டாய் என்று அவன் தரப்பு சொன்னது. 2010இல் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள்.

இங்கே கேமரா விவகாரம் எதுவும் இல்லை, ஆனால் 2021 தொடக்கத்தில், சொந்தக் காசில் வாங்கிய சாதனத்திலும் இப்படிக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலியை ஏற்ற வேண்டும் என்றபோது மாணவர்களே எதிர்ப்பு மனு தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இருப்பிடத்தையும் கடவுச்சொல்லையும் அது எடுப்பதில்லை என்று அமைச்சு விளக்கியது. பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள், என் மாணவன் கேட்ட "வீட்டுலயுமா சார்?" என்பதற்கு நான் மறுநாள் சொன்ன பதிலும் அதுதான். அந்த மனுவைப் பற்றிச் சில ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், நன்றி கெட்ட பிள்ளைகள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் குடிமைப் பண்பு என்று எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள்: படித்தார்கள், கேள்வி கேட்டார்கள், பெயர் போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

அப்புறம் 2024 ஆகஸ்ட். மொபைல் கார்டியன் என்ற நிர்வாகச் செயலியின் நிறுவனத்துக்குள் யாரோ ஊடுருவி, 26 பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களைத் தூரத்திலிருந்தே துடைத்துவிட்டார்கள். அமைச்சு அந்தச் செயலியையே எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. தேர்வுக்குச் சேர்த்து வைத்த குறிப்பு போய்விட்டது என்று அழுத பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் பள்ளி தப்பியது, ஆனால் மறுநாள் என் வகுப்பில் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை: "எங்க பாதுகாப்புக்குத்தானே சார் அதைப் போட்டாங்க?" ஆகவே, செயலி விற்கிறவரிடம் இப்போதே கேளுங்கள்: என்னென்ன சேகரிக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் எப்போது அழிப்பீர்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். இந்தியாவில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றுதான் கணக்கில் கொள்கிறது, அதனால் நிர்வாகமும் இதைக் காதில் போட்டுக்கொள்ளும். தினமும் முக்கியக் குறிப்புகளை வேறு இடத்திலும் சேமிக்கும் பழக்கத்தையும் முதல் மாதமே கொண்டுவந்துவிடுங்கள்.

கைபேசித் தடையைப் பற்றியும் கேட்பீர்கள். இங்கே 2026 ஜனவரி முதல் உயர்நிலை மாணவர்கள் பள்ளியில் இருக்கும் நேரம் முழுக்கத் திறன்பேசி கூடாது, இடைவேளையிலும் கூடாது. கற்றல் சாதனமும் இரவு 11 மணிக்குப் பதில் 10:30க்கே தூங்கிவிடும். எனக்குச் சம்மதம்தான், இடைவேளையில் பிள்ளைகள் மறுபடி ஒருவரை ஒருவர் துரத்தி ஓடுவதைப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பூட்டு பூட்டுதான், அதைப் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏஐ பற்றிச் சுருக்கமாக. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவி என்று விற்பதை நம்பி ஒரு பிள்ளையையும் குற்றவாளி ஆக்காதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தானாக எழுதியதையே அவை இயந்திரம் எழுதியது என்று சொல்வது 2023இல் வந்த ஒரு ஆய்விலேயே தெரிந்த விஷயம். நான் மாற்றங்களின் வரலாற்றைப் பார்ப்பேன். முன்னூறு சொல் ஒரே விநாடியில் வந்து விழுந்திருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த வாக்கியத்தில் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பேன், போதும்.

கடைசியாக மதிப்பெண். நிர்வாகம் வருடக் கடைசியில் தேர்வு வேண்டும் என்கிறதாம். 'கடவுச்சொல்லை நண்பரிடம் சொல்லலாமா, அ) ஆம், ஆ) இல்லை' என்று வைத்தால் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு, ஒன்றும் தெரியாது. நான் ஒரு சூழலைக் கொடுத்து, அடுத்து நீ அனுப்பப் போகும் செய்தியை அப்படியே எழுது என்பேன். உன் கருத்தை எழுதாதே, செய்தியை எழுது. நீ குழுவில் உண்மையில் எப்படி எழுதுவாயோ அப்படி, பேச்சுத் தமிழ் பரவாயில்லை, ஆங்கிலம் கலந்தாலும் பரவாயில்லை. போன வருடச் சூழல்: வகுப்புத் தோழன் ஒருவனின் படம் ஸ்டிக்கராக மூன்றாம் நாளாகக் குழுவில் ஓடுகிறது, இப்போதுதான் இன்னொருவன் மறுபடி போட்டிருக்கிறான், நீ அடுத்து என்ன எழுதுவாய்?

பெரும்பாலானவர்கள், பிறர் மனம் புண்படும்படி நடப்பது தவறு நண்பர்களே என்ற பாணியில் மேடைப் பேச்சு எழுதியிருந்தார்கள். பத்துக்கு ஐந்து. எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை குழுவில் அப்படி எழுதும்? ஒருவன், எதுவும் எழுத மாட்டேன், அவனைத் தனியாகக் கூப்பிட்டு விளையாடக் கூட்டிப் போவேன் என்று எழுதினான், அவனுக்கு எட்டு. பத்துக்குப் பத்து வாங்கிய பெண் எழுதியது ஒன்றரை வரி: "டேய் போதும், மாத்து. நேத்து போட்டப்பவே அவன் சிரிக்கல."